நாடி சொல்லும் சேதி

வலது கையின் மூன்று விரல்களை இடது மணிக்கட்டின் மேல் வையுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே மெதுவாக அழுத்துங்கள். டக், டக், டக் என்று ஏதோ துடிக்கிறது அல்லவா? அதுதான் நாடி.

இதயம் ஒரு முறை சுருங்கினால் நாடி ஒரு முறை துடிக்கும். ஓய்வாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிப்பது இயல்பு. எத்தனை முறை துடிக்கிறது என்பது ஒரு சேதி. எப்படித் துடிக்கிறது என்பது இன்னொரு சேதி. நல்ல நாடி கடிகாரம் போல ஒரே சீராக இருக்கும்.

சிலருக்கு நாடி சீராக இருப்பதில்லை. டக், டக்டக், பிறகு ஓர் இடைவெளி, மறுபடி டக் என்று தாறுமாறாகத் துடிக்கும். அப்பாவுக்கும் இப்படி இருந்தது, மகனுக்கும் இருக்கிறது என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. இது ஏன் வருகிறது? பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருமா? வந்தால் என்ன செய்யலாம்? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

இதயம் துடிப்பது எப்படி?

இதயத்தில் நான்கு அறைகள் உண்டு. மேலே இரண்டு. கீழே இரண்டு. மேலறைகள் ரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளும். கீழறைகள் அதை நுரையீரலுக்கும் உடம்பு முழுவதுக்கும் அனுப்பும்.

சுருங்கு என்று இதயத்துக்குக் கட்டளை இடுவது யார்? வலது மேலறையின் சுவரில் ஒரு சிறு தசைத் துண்டு இருக்கிறது. அதிலிருந்து மிகச் சிறிய மின்சாரம் கிளம்புகிறது. முதலில் மேலறைகள் சுருங்கும். அடுத்த நொடிப் பொழுதில் கீழறைகள் சுருங்கும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை இது நடக்கிறது.

தாளம் தப்பினால்?

சில சமயம் மேலறைகளில் மின்சாரம் பல இடங்களில் தாறுமாறாகக் கிளம்பும். அப்போது மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காது. காற்றில் ஆடும் இலை போல நடுங்கிக்கொண்டே இருக்கும். கீழறைகளும் தாளம் தப்பித் துடிக்கும். டாக்டர்கள் இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள். நீடிக்கும் துடிப்புக் கோளாறுகளில் உலகில் அதிகம் காணப்படுவது இதுதான்.

இது வந்தவர்களுக்கு நெஞ்சு படபடக்கலாம். மூச்சு வாங்கலாம். தலை சுற்றலாம். சீக்கிரம் களைப்பு வரலாம். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. வேறு எதற்கோ டாக்டரிடம் போகும்போதுதான் தெரியவரும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் கட்டியாக உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பக்கவாதம் வரும். கை, கால் விழுந்துவிடும். பேச்சு போய்விடும். உயிரும் போகலாம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு அதிகம்.

ஆனால் இந்தப் பக்கவாதத்தைப் பெரும்பாலும் தடுக்க முடியும். அதற்குக் கோளாறு இருப்பது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

யாருக்கு வருகிறது?

வயது ஏற ஏற இது வரும் வாய்ப்பு கூடும். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன், தைராய்டுக் கோளாறு, குடிப்பழக்கம் ஆகியவையும் காரணங்கள். சிறு வயதில் தொண்டை வலியும் மூட்டு வலியும் காய்ச்சலும் வந்து, இதய வால்வு கெட்டுப்போனவர்களுக்கும் இது வரும். அந்தக் காய்ச்சலுக்கு வாதக் காய்ச்சல் என்று பெயர். நம் நாட்டில் இது ஒரு முக்கியமான காரணம்.

கேரளத்தில் இந்தக் கோளாறு பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 2016 ஏப்ரல் முதல் 2017 ஏப்ரல் வரை, 53 மருத்துவமனைகளில் 3,421 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. ஆண்களுக்குத்தான் இதய நோய் வரும் என்று நினைப்பது தவறு என்பது இதிலிருந்து தெரிகிறது.

இவை தவிர இன்னொரு காரணமும் உண்டு. அது பிறப்பிலேயே வருவது.

உடம்புக்குள் ஓர் எழுத்து

எறணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரி 4 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அந்தப் பெருமை பெற்ற முதல் மாவட்டம் அதுவே. களமசேரி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கேயும் மற்ற ஊர்களிலும் பெரியவர்கள் அ, ஆ என்று எழுதிப் பழகினார்கள். எழுத்து அறிந்தவர்களுக்கு மரபணுவைப் புரிந்துகொள்வது எளிது.

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரு நீண்ட எழுத்து இருக்கிறது. அதன் பெயர் டி.என்.ஏ. தமிழில் 247 எழுத்துகள். இதில் நான்கே எழுத்துகள்தான். அந்த நான்கும் மாறி மாறிச் சுமார் 300 கோடி முறை வருகின்றன. இந்த நீண்ட எழுத்தில் சில பகுதிகள் உடம்புக்கு ஒவ்வொரு வேலையைச் சொல்லிக்கொடுக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பகுதிதான் மரபணு. மனிதருக்குச் சுமார் 20,000 மரபணுக்கள் உண்டு. பாதி எழுத்து அம்மாவிடமிருந்து வருகிறது. பாதி அப்பாவிடமிருந்து வருகிறது.

எழுதும்போது ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்? பவளம் என்றும் எழுதலாம், பவழம் என்றும் எழுதலாம். பொருள் மாறாது. ஆனால் கல் என்பதைக் கள் என்று எழுதினால் பொருளே மாறிவிடும். டி.என்.ஏ.யிலும் இப்படித்தான். பல மாற்றங்களால் ஒரு கெடுதலும் இல்லை. சில மாற்றங்கள் உடம்பின் வேலையை மாற்றிவிடும்.

அறிஞர்கள் கண்டது

1943-இல் அமெரிக்காவில் லூயி உல்ஃப் என்ற டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே குடும்பத்தில் மூன்று சகோதரர்களுக்கு இந்தத் துடிப்புக் கோளாறு இருந்ததை அதில் சொன்னார். இது குடும்பத்தில் ஓடக்கூடும் என்று டாக்டர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2003-இல், சீனாவில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார்கள். அந்தக் குடும்பத்தில் பலருக்கு இந்தக் கோளாறு இருந்தது. அவர்களிடம் ஒரு மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இதய உயிரணுவில் பொட்டாசியம் என்ற உப்புச் சத்து போவதற்கு வாசல்கள் உண்டு. அந்த வாசலைக் கட்டுவது அந்த மரபணு. எழுத்து மாறியதால் வாசல் அளவுக்கு மீறித் திறந்தது. அதனால் இதயத்தின் மின்சாரம் தடுமாறியது.

இப்படி ஒரே மரபணுவால் வருவது மிகவும் அரிது. பெரும்பாலோருக்கு வேறு விதமாக வருகிறது. 2007-இல் ஐஸ்லாந்து நாட்டு ஆய்வாளர்கள், மக்கள் பலரிடம் காணப்படும் ஒரு சிறு மாற்றத்தைக் கண்டார்கள். அது கோளாறு வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது. இன்று இப்படிப்பட்ட இடங்கள் நூற்றுக்கு மேல் தெரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சிறிதளவுதான் கூட்டும். பல சேர்ந்தால் வாய்ப்பு அதிகமாகும்.

மதுரையில் தொடங்கிய ஓர் ஆய்வு

தமிழ்நாட்டிலும் இதயம் பற்றிய மரபணு ஆய்வு நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஐதராபாத் ஆய்வாளர்களும் மற்ற பலரும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இதயத் தசையைக் கட்டும் ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை அவர்கள் ஆராய்ந்தார்கள். இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 4 பேரிடம் இந்த விடுபாடு இருக்கிறது. இது இதயத் தசை பலவீனம் ஆகும் வாய்ப்பைக் கூட்டுகிறது. தசை பலவீனமானால் துடிப்பும் தாளம் தப்பலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விடுபாடு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோயே இல்லாமல் வாழ்கிறவர்களும் பலர் உண்டு.

இரண்டு மடங்கு என்றால் என்ன?

அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊர் உண்டு. அங்கே 1948 முதல் மக்களின் இதயத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வருகிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருந்தால், பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2004-இல் சொன்னார்கள்.

இரண்டு மடங்கு என்றதும் பயம் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வயதில் 100 பேரில் 2 பேருக்கு இந்தக் கோளாறு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோருக்கு இருந்தால் 100 பேரில் 4 பேருக்கு வரும். மீதி 96 பேருக்கு வராது.

மூட்டைக் கணக்கு

களமசேரி ஒரு தொழில் ஊர். பக்கத்தில் கொச்சித் துறைமுகம். மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏறி இறங்கும் கிடங்குகள். சுமை தூக்கும் தொழிலாளர்கள் அங்கே நிறைய. தலையில் ஒரு மூட்டை என்றால் அவர்கள் நடந்துவிடுவார்கள். அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று என்று ஏற்றினால் எந்தப் பலசாலியும் தடுமாறுவார்.

மரபணு என்பது பிறக்கும்போதே தலையில் ஏறிய ஒரு மூட்டை. அதை இறக்க முடியாது. ரத்த அழுத்தம் இரண்டாவது மூட்டை. குடி மூன்றாவது மூட்டை. பருமன் நான்காவது. கவனிக்காத சர்க்கரை ஐந்தாவது. இந்த நான்கையும் இறக்கலாம், அல்லது குறைக்கலாம். முதல் மூட்டை மட்டும் இருந்தால் பலர் தடுமாறாமல் கடைசி வரை நடந்துவிடுவார்கள்.

ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு நோய் வந்தால், அது மரபணுவால் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. ஒரே வீட்டில் ஒரே சமையல். ஒரே அளவு உப்பு. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே குடிக்கலாம். பிறப்பில் வந்தது எது, பழக்கத்தில் வந்தது எது என்று டாக்டர் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

ஓர் உரையாடல்

களமசேரியில் ஒரு சுகாதார நிலையம். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண் அங்கே வருகிறார். வயது 48. தமிழ் தெரிந்த சிஸ்டர் அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார்.

சிஸ்டர்: அக்கா, பிரஷர் கூடுதலா இருக்கே. மாத்திரை சாப்பிடறீங்களா?

பெண்: தலை சுத்தினா சாப்பிடுவேன் சிஸ்டர்.

சிஸ்டர்: அப்படிச் சாப்பிடக் கூடாது. தினமும் சாப்பிடணும். வீட்ல யாருக்காவது இதயக் கோளாறு உண்டா?

பெண்: யாருக்கும் இல்லை.

சிஸ்டர்: அப்பா எப்படி இறந்தார்?

பெண்: அவருக்குக் கை, கால் இழுத்துக்கிச்சு. இரண்டு வருஷம் படுக்கையில கிடந்தார்.

சிஸ்டர்: கூடப் பிறந்தவங்க நல்லா இருக்காங்களா?

பெண் தயங்குகிறார். குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்.

பெண்: அண்ணனுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சிஸ்டர். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். வம்சத்துல நோய்னு தெரிஞ்சா யார் பொண்ணு எடுப்பாங்க?

சிஸ்டர்: ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம் அக்கா. ஆனா டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது. உங்க அப்பாவுக்கும் இதே கோளாறு இருந்திருக்கலாம். யாரும் நாடி பார்க்காம விட்டிருக்கலாம்.

பெண்: அப்போ எனக்கும் வருமா?

சிஸ்டர்: வந்தே தீரும்னு இல்லை. மத்தவங்களைவிட நீங்க கொஞ்சம் கவனமா இருக்கணும், அவ்வளவுதான். கையைக் கொடுங்க.

சிஸ்டர் ஒரு நிமிடம் முழுவதும் நாடியைப் பார்க்கிறார்.

சிஸ்டர்: இப்போ சீராத்தான் இருக்கு. ஆனாலும் டாக்டர்கிட்ட அண்ணன் விஷயத்தைச் சொல்லுங்க. ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். வலிக்காது. கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும். பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க.

பெண்: மகளுக்கு ஏதாவது செய்யணுமா?

சிஸ்டர்: இப்போ மருந்து ஒண்ணும் வேண்டாம். நெஞ்சு படபடப்பு, மயக்கம் வந்தா உடனே காட்டணும். எந்த டாக்டர்கிட்ட போனாலும் தாத்தாவுக்கும் மாமாவுக்கும் இருந்ததைச் சொல்லணும். அவளுக்கு நகை கொடுத்து அனுப்பற மாதிரி இந்தச் சேதியையும் கொடுத்து அனுப்புங்க.

பெண் சிரிக்கிறார். அன்று இரவே அண்ணனுக்கு ஃபோன் செய்கிறார். அண்ணன் சாப்பிடும் மாத்திரையின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார்.

கோளாறு இருந்தால் என்ன செய்வது?

ஈ.சி.ஜி. எடுத்தால் துடிப்பு சீராக இருக்கிறதா என்று தெரியும். கோளாறு வந்து வந்து போகும் வகை என்றால் ஒரு முறை எடுத்த ஈ.சி.ஜி.யில் அகப்படாமல் போகலாம். அப்போது ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் சிறு கருவியை நெஞ்சில் மாட்டி அனுப்புவார்கள்.

மரபணுப் பரிசோதனை எல்லோருக்கும் தேவை இல்லை. சிறு வயதிலேயே கோளாறு வந்தவர்களுக்கு டாக்டர் அதைச் சொல்லலாம். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலும் சொல்லலாம். மற்றவர்களுக்குக் குடும்ப விவரம் சொல்வதே போதும். அதற்குச் செலவு இல்லை.

துடிப்பைக் கட்டுப்படுத்த மாத்திரைகள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரைகள் உண்டு. யாருக்கு எது வேண்டும் என்பதை டாக்டர் முடிவு செய்வார். வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருந்து குறைந்தால் ரத்தம் உறையும். கூடினால் ரத்தம் கசியும். நன்றாக இருக்கிறது என்று நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையை வாங்கிச் சாப்பிடவும் கூடாது.

குடியை விடுவது பெரிய மருந்து. குடிப்பழக்கம் உள்ள நோயாளிகளை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். குடியை விட்டவர்களுக்குக் கோளாறு திரும்ப வருவது குறைந்தது. 2020-இல் இந்த முடிவு வெளிவந்தது.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை டாக்டரிடம் சொல்வது மிக முக்கியம்.

நினைவில் வைப்போம்

1. நாடி தாறுமாறாகத் துடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

2. இந்தக் கோளாறு குடும்பத்தில் ஓடலாம். ஆனால் எல்லோருக்கும் வந்தே தீரும் என்பது இல்லை.

3. இது யாருடைய பாவமும் இல்லை. யாருடைய சாபமும் இல்லை. ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை.

4. பிறப்பில் வந்ததை மாற்ற முடியாது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்த முடியும். குடியை விட முடியும்.

5. குடும்பத்தில் இருக்கும் நோயை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.

1. ஓய்வாக இருக்கும்போது நாடி ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கும்?

2. துடிப்புக் கோளாறால் பக்கவாதம் எப்படி வருகிறது?

3. இறக்க முடியாத மூட்டை எது? இறக்கக்கூடிய மூட்டைகள் எவை?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. மனிதருக்குச் சுமார் ______ மரபணுக்கள் உண்டு.

2. இதயத்தில் ______ அறைகள் உண்டு.

3. ஓர் எழுத்து மாறினால் கல் என்பது ______ ஆகிவிடும்.

இ. கூடிப் பேசுங்கள்.

அந்தப் பெண் முதலில் ஏன் உண்மையை மறைத்தார்? இப்படி மறைப்பதால் யாருக்குக் கெடுதல்?

ஈ. செய்து பாருங்கள்.

ஒரு தாளில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா, மாமா, சித்தி, உடன்பிறந்தவர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் நேராக அவர்களுக்கு இருந்த நோயை எழுதுங்கள். எத்தனை வயதில் வந்தது என்பதையும் எழுதுங்கள். தெரியாததை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது இந்தத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.